முதல் வேலைக்குப் போகும் நர்ஸ் கேட்க வேண்டிய கேள்வி

ரிசல்ட் வந்து, சென்னையில் இருக்கும் நர்சிங் கவுன்சிலில் பதிவும் முடிந்துவிட்டால் புதிய நர்ஸுகள் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். "ஸ்டாஃப் நர்ஸ் தேவை. பி.எஸ்சி., ஜி.என்.எம்., ஃப்ரெஷர்ஸும் வரலாம். தங்குமிடம், சாப்பாடு இலவசம். வாக்-இன் இன்டர்வியூ." சம்பளம் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கும். ஆஸ்பத்திரிக்கு எத்தனை படுக்கை, என்னென்ன துறை, எந்த ஊர், எல்லாம் இருக்கும். எந்த விளம்பரத்திலும் இல்லாத விவரங்கள் இரண்டு. ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் கையில் எத்தனை நோயாளிகளைக் கொடுப்பார்கள்? புதிதாகச் சேர்ந்தவர் தனியாக நோயாளி பார்க்க ஆரம்பிக்கும்வரை அவர் பக்கத்தில் யார் நிற்பார்கள்? சம்பளம், ஆஸ்பத்திரியின் பெயர், ஊர் எல்லாவற்றையும்விட இந்த இரண்டைப் பார்த்துத்தான் முதல் வேலையை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொன்னதுமே வீட்டுக் கஷ்டம் தெரியாமல் பேசுகிறான் என்று தோன்றலாம். அந்தக் கேள்விக்கும் வருகிறேன். முதலில் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் பார்த்துவிடலாம்.

பி.எஸ்சி. நான்கு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம். இரண்டிலும் கடைசியில் இன்டர்ன்ஷிப் உண்டு. அத்தனை வருடமும் வார்டில் மாணவி செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் மேலே ஒருவர் பொறுப்பு. டியூட்டரோ வார்டு சிஸ்டரோ பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஊசி உள்ளே போகும். பதிவு எண் வந்த மறுநாளிலிருந்து அந்தப் பொறுப்பு முழுக்க இவர் தலையில். கற்றது ஒரே நாளில் கூடிவிடவில்லை, பொறுப்பு மட்டும் கூடிவிட்டது. ஒரு சின்ன உதாரணத்தைப் பாருங்கள். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரவு டியூட்டியில் பேனா கைக்குக் கிடைக்காமல், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை உறிஞ்சிப் போட்டால் உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50. எழுதியதைப்போல இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கு பாடத்தில் இருக்கிறது, பரீட்சையிலும் வருகிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கூப்பிட, இன்னொருவரின் டிரிப் நின்றுபோக, அட்மிஷன் ஒன்று லிஃப்டில் ஏறி வந்துகொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வருவது வேறு விஷயம். "ஒரு நிமிஷம், எந்த சிரிஞ்ச் எடுத்திருக்க?" என்று கேட்க ஒரு சீனியர் பக்கத்தில் இருந்தால் போதும், அந்தத் தவறு நடக்காது. அவர் இருக்கிறாரா என்பது புதியவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பொறுத்தது இல்லை. டியூட்டி பட்டியல் போடுகிறவர்கள் எடுத்த முடிவு அது.

இது புதிய கவலையும் இல்லை. அமெரிக்க நர்ஸ் மார்லின் கிரேமர் 1974இலேயே இதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். கல்லூரியில் சொன்ன நர்சிங்குக்கும் வார்டில் நடக்கும் நர்சிங்குக்கும் உள்ள தூரத்தில் முட்டி மோதிப் புதியவர்கள் தொழிலையே விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அதன் விஷயம். 1984இல் பட்ரீஷியா பென்னர் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். படிப்பை முடித்தவர் அதில் இரண்டாம் படியில்தான் இருக்கிறார். எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு இன்னும் ஒருவர் துணை வேண்டும் என்கிறார் பென்னர். இதை யாரும் அவமானமாக நினைக்க வேண்டியதில்லை. டாக்டருக்கும் வக்கீலுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு ஹவுஸ் சர்ஜன் காலம், சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருக்கும் காலம் என்று ஊரறிந்த ஏற்பாடு இருக்கிறது. நம் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நர்ஸுக்கு அது இல்லை.

இனி எண்ணிக்கை. நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவர் குழுவும் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,32,000க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸிடம் கூடுதலாக ஒரு நோயாளியைச் சேர்த்தால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. அதே ஒரு நோயாளியால் நர்ஸ் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் இறப்பு விஷயத்தில் கிட்டத்தட்ட இதே கணக்குதான் வந்தது. கலிஃபோர்னியா இந்த எண்ணிக்கைக்கே 1999இல் சட்டம் இயற்றி 2004இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஐ.சி.யு.வில் இரண்டு. நம் நாட்டிலும் மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு போட்ட அளவு ஒன்று இருக்கிறது. பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் ஒரு படுக்கைக்கு ஒருவர். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் போய் எண்ணிப் பார்த்து இதை அமல்படுத்துகிற கை எதுவும் இல்லை. அதனால்தான் எண்ணிப் பார்க்கிற வேலை வேலைக்குப் போகிறவர் மேல் வந்து விழுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். "அது அமெரிக்கக் கணக்கு. நம் ஊரில் ஒவ்வொரு நோயாளி பக்கத்திலும் அட்டெண்டர் இருக்கிறார். கஞ்சி கொடுப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் வீட்டு மனிதர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நர்ஸுக்கு அவ்வளவு வேலை இல்லை." பாதி உண்மை. வீட்டு மனிதர்கள் செய்வது பெரிய உழைப்புதான். ஆனால் நோயாளியின் உயிரைக் காப்பது அந்த வேலைகளுக்கு நடுவில் நர்ஸ் கவனிக்கிற விஷயங்கள். ஆபரேஷன் ஆனவர் காலையில் பேசிக்கொண்டிருந்தார், மாலையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். மூச்சு நிமிடத்துக்கு 18ஆக இருந்தது 26 ஆகிவிட்டது. சிறுநீர்ப் பையில் நான்கு மணி நேரமாக அளவு ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு அப்பா அசதியாகத் தூங்குவதுபோல்தான் தெரியும். இதைப் பார்த்தவுடன் டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்று தெரிந்தவர் நர்ஸ் ஒருவர்தான். ஒருவர் கையில் இருபது நோயாளி இருந்தால் கட்டிலருகே நின்று முகத்தைப் பார்க்க நேரமில்லை, சார்ட்டை நிரப்பத்தான் நேரம் இருக்கும். புதியவராக இருந்தால் அந்தச் சார்ட்டும் பழைய எண்ணையே திரும்ப எழுதியதாகப் போய்விடும். அதுவே பழகிவிட்டால், நல்ல ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் கையை விட்டுப் போவது சிரமம்.

சம்பளத்துக்கு வருவோம். கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்கள்தான் அதிகம். வங்கித் தவணை மாதா மாதம் வந்து நிற்கும்போது, அதிகச் சம்பளம் தருகிற இடத்தை விட்டுவிட்டுச் சீனியர் சிஸ்டர் இருக்கிற இடத்தைத் தேடு என்று சொல்வது நியாயமா? குறைந்த சம்பளத்துக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பயிற்சி தருகிறோம், அதனால் சம்பளம் இவ்வளவுதான் என்று பேரம் பேசுகிற இடத்தில் பெரும்பாலும் பயிற்சியும் இருக்காது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்படி அமைத்த நிபுணர் குழு, தனியார் நர்ஸுகளுக்கு என்ன தர வேண்டும் என்று தெளிவாகப் பரிந்துரைத்திருக்கிறது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100க்கு மேல் இருந்தால் அதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் நர்ஸுகள் சங்கம் வைத்து வருடக்கணக்கில் போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமாகவே ஆக்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஓர் அறிவிக்கை வரவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். ஆனால் வேலை தேடுகிற ஒருவர் முன்னால் இன்றைக்கு இருக்கும் இரண்டு ஆஃபர்களில் சம்பள வித்தியாசம் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம்தான் இருக்கும். அந்த இரண்டாயிரத்துக்காக ஆளே நிற்காத வார்டை எடுத்துக்கொண்டு, ஆறு மாதத்தில் உடம்பு தாங்காமல் வேலையை விட்டு வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்தால் தவணைக் கணக்கும் சேர்ந்தே உதைக்கும். கடன் இருக்கிறவருக்குத்தான் நிலைத்து நிற்கக்கூடிய இடம் இன்னும் அவசியம்.

"சின்ன ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கேதான் எல்லாம் கத்துக்கலாம்" என்று சீனியர்கள் சொல்வதுண்டு. ஒரே நாளில் பிரசவம், கட்டுப் போடுவது, ஐ.வி. போடுவது, தியேட்டர் எல்லாம் பார்த்துவிடலாம் என்பார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடும் இல்லை, முழு மறுப்பும் இல்லை. பதினைந்து வருடமாக அதே இடத்தில் இருக்கும் இன்சார்ஜ் சிஸ்டர், கூப்பிட்டால் மாடியிலிருந்து இறங்கி வருகிற டாக்டர் என்று முப்பது படுக்கையில் நடக்கிற ஆஸ்பத்திரிகள் நம் மாவட்டத் தலைநகரங்களில் இருக்கின்றன. வார்டில் ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தங்காத பெரிய கட்டடத்தைவிட அங்கே நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஆகவே அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்வதுதான் சரி என்ற பேச்சை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நாம் தடுமாறுவது ஒரு மனிதர் உடம்பின் மேல். தவிர, யாரும் திருத்தாத தவறு, தவறு என்றே தெரியாமல் வழக்கமாகிவிடும்.

அடுத்தது பாண்ட். இரண்டு வருடம் இருப்பேன் என்று எழுதி வாங்குவது, முன்னாலேயே போனால் இத்தனை ஆயிரம் கட்டு என்பது, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: "நாங்கள் சொல்லிக்கொடுத்து ஆளாக்குகிறோம். கை பழகியதும் துபாய்க்கோ சவூதிக்கோ போய்விடுகிறார்கள். பிறகு யாரை வைத்து நடத்துவது?" இந்தச் சிக்கல் உண்மையானது. சட்டமும் பாண்டை அப்படியே தூக்கி எறிந்துவிடவில்லை. ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பாண்ட் எதுவும் கோர்ட்டில் நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சமயம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, எழுதிய தொகை எவ்வளவாக இருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டும்தான் கேட்கலாம் என்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். சொல்லிக்கொடுத்ததற்காகத்தான் பாண்ட் என்றால், எத்தனை வாரம், என்னென்ன, யார் சொல்லிக்கொடுப்பார் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். சேர்ந்த மூன்றாம் நாளே தனியாக நைட் டியூட்டி போடுகிற இடம் எந்தச் செலவுக்காக இழப்பீடு கேட்கிறது? ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயத்தில் இந்த வாதத்துக்கே இடமில்லை. சரிபார்க்க நேரில் காட்டலாம், நகல் கொடுக்கலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கு இந்தக் கேள்விகள் இன்னும் நெருக்கமானவை. வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அதனால் எங்கேயாவது இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் அங்கே உரிமத்துக்கு விண்ணப்பித்தால் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு இருக்கிறது. நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்பார்கள். நியமனக் கடிதம் இல்லை, சம்பளம் கையில் ரொக்கம், பி.எஃப். இல்லை, பாண்டை முறித்த கோபத்தில் எச்.ஆர். பதில் போட மறுக்கிறார் என்றால் அந்த இரண்டு வருடத்தைக் காட்ட உங்களிடம் தாள் இருக்காது. தாள் இருந்தாலும் இன்டர்வியூ இருக்கிறது. எத்தனை படுக்கை ஐ.சி.யு., வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்த்திருக்கிறீர்களா, பொட்டாசியம் 6.5 என்று லேபிலிருந்து போன் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஓடி ஓடி இருபது பேருக்கு மருந்து கொடுத்துத் தீர்த்தவருக்கு இதற்குப் பதில் சொல்லும் பழக்கம் வந்திருக்காது. இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் அங்கே விலைபோகும்.

அரசு வேலை வரும்வரைதானே, எந்த இடமாக இருந்தால் என்ன என்பவர்களும் உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் ஒரே அறிவிப்பில் 7,243 பேரை எடுக்கப் பரீட்சை வைத்தது. ஆனால் சேர்ந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரமாக்குவோம் என்ற சொல் நிறைவேறாததால் 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. பிறகு அந்தத் தொகுப்பூதியம் 14,000, 18,000 என்று ஏறியது. காத்திருக்கலாம், பரீட்சைக்கும் படிக்கலாம். ஆனால் அந்தக் காத்திருப்பு எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாதபோது, இடையில் பார்க்கிற வேலையை வெறும் இடைக்கால ஏற்பாடாக நினைப்பது தவறு. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்தத்தில் எடுக்கிற இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணைச் சுகாதார நிலையத்தில் ஊர் மக்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து மருந்து கொடுக்கிற அருமையான பணி அது. ஆனால் அங்கே சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் இருக்க மாட்டார். வார்டில் ஒரு வருடமாவது கை பழகிவிட்டு அதற்குப் போனால் அந்த ஊருக்கும் நல்லது, போகிறவருக்கும் நல்லது.

கடைசியாக, எல்லோரும் பயப்படுகிற மறுப்பு: ஃப்ரெஷராக இருந்துகொண்டு இன்டர்வியூவில் கேள்வி கேட்டால் வேலை கொடுப்பார்களா? கேட்கிற விதத்தில் இருக்கிறது. "ஒரு ஸ்டாஃபுக்கு எத்தனை பேஷன்ட் குடுப்பீங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்குக் கோபம் வரலாம். "மேடம், தனியா பேஷன்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி எத்தனை வாரம் சீனியரோட போடுவீங்க? எந்த வார்டு சிஸ்டர்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும்?" என்று கேட்டால், வேலையைத் தெரிந்துகொள்ள நினைக்கிற பெண் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி என்றால் புதிதாகச் சேருகிறவருக்கு அறிமுகப் பயிற்சி தருவது அவர்கள் தரவிதியிலேயே இருக்கிறது. எனவே அது விரோதமான கேள்வியே இல்லை. எண்ணிக்கையை வாயால் கேட்கவே வேண்டாம். இன்டர்வியூ முடிந்து வார்டைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள், ஷிஃப்ட் மாறும் நேரமாக இருந்தால் ரொம்ப நல்லது. ஹேண்ட் ஓவர் கட்டிலருகே நடக்கிறதா, நர்ஸ் ஸ்டேஷனில் நின்றபடியே முடிந்துவிடுகிறதா, யூனிஃபார்மில் எத்தனை பேர், அதில் சீனியர் யாராவது தெரிகிறாரா என்பதைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதியை அங்கே வேலை பார்க்கிற உங்கள் காலேஜ் அக்கா ஒருவர் ஒரே போனில் சொல்லிவிடுவார். சொல்லப்போனால் இந்த வேலையைக் கல்லூரிகளே செய்திருக்க வேண்டும். அட்மிஷன் நோட்டீசில் நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்று அச்சடிக்கிற கல்லூரி, போன வருடம் படித்து வெளியே போனவர்களைக் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரியில் இரவு எத்தனை பேருக்கு ஒருவர், சேர்ந்த எத்தனையாவது நாளில் தனியாக விட்டார்கள், சர்டிபிகேட்டை வாங்கி வைத்தார்களா என்று கேட்டு எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். அதற்கு ஒரு டியூட்டரும் ஒரு போனும் போதும். ஃபைனல் இயரில் இருக்கிறவர்கள் பிரின்சிபாலிடம் இப்போதே போய்க் கேளுங்கள், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.